ஏழு இருபது

ஏழு இருபதுக்கு வேன் வந்து நிற்கும்.
செம்பனை ஆலைப் புகை
திடல்மேல் இன்னும் கலைந்திருக்காது.
ஆண்டு நான்கின் வாசலில் நான் நிற்பேன்,
பதிவேட்டைத் திறக்காமல்.

இந்த லாபிஸில் வணக்கத்துக்கு அடுத்த சொல்
பசியாறியாச்சா.
கடையில் கேட்பார்கள், கிளினிக்கில் கேட்பார்கள்.
பேச்சு வார்த்தை இல்லாதவர்கள்கூட
அதை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.
நானும் கேட்டேன், பதினெட்டுப் பேரிடமும்.

"ஆச்சு டீச்சர்" என்பான் யுகேந்திரன்,
மற்றவர்களைவிடச் சத்தமாக.
மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன்.
குழாயடியில் போத்தலை நிரப்பி,
அங்கேயே நின்று குடித்து,
மறுபடி நிரப்பிக்கொண்டு
வருகிறான் வாசலுக்கு,
என் கேள்விக்குப் பதிலை வயிற்றில் ஊற்றிக்கொண்டு.

அன்றைக்கு எனக்கு வணக்கமே வாயில் வரவில்லை.

மறுநாள் என் மேசையில்
ஒரு டப்பா பிஸ்கட் மூடாமல் இருந்தது.
யாருக்கென்று நான் சொல்லவில்லை.
வாசலில் கேள்வியை மாற்றினேன்.
"உன் சண்டை மீன் எப்படி இருக்கு?"
நின்றான். பையைக் கீழே வைத்தான்.
கிழிந்த வால் எவ்வளவு வளர்ந்திருக்கிறதென்று
இரண்டு விரலால் அளந்து காட்டினான்.
பின்னால் வரிசை நின்றது.
நிற்கட்டும்.

மிஷாலினியிடம் தங்கையின் பல்லை விசாரிக்க வேண்டும்.
ஹரிவர்மனிடம் எதுவும் கேட்கக் கூடாது,
உள்ளங்கையை நீட்டினால் போதும், ஒரு தட்டு.
நூருல் ஆயின் பெயரில் அந்த 'ஆ'வை
விழுங்கக் கூடாது. அவளே திருத்தினாள்,
இரண்டு முறை, பொறுமையாக.

பள்ளி மூடிய மாதங்களில்
வாசல் கைப்பேசிக்குள் வந்தது.
கட்டங்களில் பிள்ளைகள் பெயரில்லை.
'அப்பா ஓப்போ' வந்தார். 'கேகே டயர்' வந்தார்.
'மணியம் லோரி' இரண்டு முறை வந்து
இரண்டு முறை அறுந்தார்.
"வணக்கம் மணியம் லோரி, உள்ள யாரு?"
களுக்கென்று சிரிப்பு. மிஷாலினி.
லோரி வீட்டில் நின்றால்தான் அவளுக்கு வகுப்பு.

யுகேந்திரனின் கட்டம் கறுப்பு.
தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறினால்தான் அவனுக்கு லைன்.
கறுப்பைப் பார்த்துத் தினமும் கேட்டேன், மீன் எப்படி?
கேட்டுவிட்டு அரை நிமிடம்
அடுத்த பெயருக்குப் போகாமல் இருந்தேன்.
ஒன்பதாம் நாள் மைக் திறந்தது.
காற்று. ஒரு சேவல். தூரத்தில் ஆலைச் சங்கு.
அவன் பேசவில்லை.
கேமரா முன்னால் ஒரு கண்ணாடிப் போத்தல் வந்தது.
உள்ளே நீலமாக ஒன்று திரும்பியது.
எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் கத்தின.
பின்னம் அன்று பதினைந்து நிமிடம் காத்திருந்தது.

பள்ளி திறந்த இரண்டாம் வாரம், மழை.
என் கஞ்சில் கார் தோட்டச் சாலை முனையில் படுத்துவிட்டது.
ஏழு ஐம்பதுக்கு வந்தேன்,
முந்தானையைப் பிழிந்தபடி, எரிச்சலோடு.
நான் நிற்கும் இடத்தில் யுகேந்திரன் நின்றான்.
எல்லாரையும் அவனே உள்ளே விட்டிருந்தான்.
'ஆ'வை விழுங்கவில்லையாம், ஆயின் சொன்னாள்.
என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பிளக் நனைஞ்சிருக்கும் டீச்சர். தொடைச்சீங்களா?"
பிறகு, கொஞ்சம் யோசித்து,
"பசியாறியாச்சா?"

வாய்வரை வந்தது, ஆச்சு.
"இல்லப்பா" என்றேன்.

அவன் போய் டப்பாவை எடுத்து வந்தான்.