இரண்டு முகத்துக்கும் கணக்கு

வெள்ளவத்தை, கடற்பக்க ஒழுங்கை,
ஐந்தாம் மாடி. லிப்ட் பழுது.
ரிஃப்கான் நாடாவின் நுனியைப் பிடித்தான்:
நீளம் பதினெட்டு அடி, உயரம் ஒன்பது.
நூற்று அறுபத்திரண்டு என்று சுவரிலேயே எழுதப் போனேன்.
சுவர் இன்னும் இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

சுவருக்கு முகம் இரண்டு.
ஆகவே முந்நூற்று இருபத்து நாலு.
கதவின் அளவைக் கழிக்கச் சொன்னார் யோகதாஸ்.
நாங்கள் கழிக்கிறதில்லை ஐயா,
கதவு மிச்சம் பிடிப்பதை அதன் மூலைகள் தின்றுவிடும்.
"கதவே வேண்டாம்"
குசினிக்குள் இருந்து அமிர்தகௌரி அம்மா.
அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.
நடை பொது, குளியலறை பொது, கதவு இல்லை.
பென்சிலால் கதவை வெட்டினேன்.

ஆயிரம் சதுர அடிக்கு அறுபது கிலோ.
இது வாளியில் அச்சடித்ததல்ல,
என் மணிக்கட்டு சொல்கிற கணக்கு.
இருபது கிலோ வாளி ஒன்று
மட்டுமட்டாய்ப் போதும்.
போதும் என்று நினைக்கிற வேலையில்தான்
வாளியின் அடி கரண்டியில் கறகறக்கும்.

ஆமர் வீதியில் சாஹிர் நானா கேட்டார்:
மாவா, வாளியா?
மா என்றால் குழைத்த கணத்திலிருந்து
நாற்பத்தைந்து நிமிடம்.
டேப்பைக் கவ்விக்கொண்டு கல்லாகும், சுருங்காது.
பிறகு உரஞ்சப் போனால் தோள்மூட்டுத்தான் தேயும்.
வாளியில் வருவது மெத்து,
கெட்டித் தயிர் மாதிரி இழுபடும்,
ஆனால் காய்வது அதன் இஷ்டம்.
ஒக்டோபர் மழையும் உப்புக் காற்றும் சேர்ந்தால்
ஒரு பூச்சுக்கு இரண்டு நாள் கேட்கும்.

முதல் பூச்சுக்கு மா, மேல் இரண்டுக்கும் வாளி.
விலை சொன்னதும்
கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும்
கிரிக்கெட் பற்றிக் கதைத்தோம்.

பலகை எட்டடி, சுவர் ஒன்பது.
மேலே ஓரடித் துண்டு.
ஆலை விளிம்புக்குப் பள்ளம் உண்டு,
டேப் அதில் படுத்துக்கொள்ளும்.
அறுத்த விளிம்போடு அறுத்த விளிம்பு வந்தால்
படுக்க இடமில்லை, முதுகு புடைக்கும்.
அந்தப் புடைப்பை மறைக்க
இரண்டு பக்கமும் ஒரு முழம் பரப்ப வேண்டும்.
அதுவும் மறைவதல்ல,
எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போவது.

அம்மாவின் பக்கம் மேற்கு ஜன்னல்.
ஐந்து மணிக்குக் கடலிலிருந்து வருகிற வெயில்
சுவரோடு ஒட்டிப் படுத்துத் தேடும்,
ஒரு மூட்டையும் மன்னிக்காது.
அந்த முகம் முழுக்க மெல்லிய பூச்சு போட்டேன்.
ஐயாவின் பக்கம் டியூப் லைட் மட்டும்.
மூட்டுக்கு மூன்று பூச்சு, ஸ்க்ரூத் தலைக்கு இரண்டு,
தாராளம்.

பில் இரண்டாய்க் கேட்டார்கள்.
டேப்பை யார் கணக்கில் போடுவது,
உள்ளே நிற்கிற தகரச் சட்டம் யாருடையது,
யாரும் சொல்லவில்லை. பாதி பாதியாய்ப் போட்டேன்.

மூடுமுன் தனித்தனியாகக் கேட்டேன்:
நடுவில் பஞ்சு வைக்கவா,
சத்தம் கடக்காது, கொஞ்சம் கூட வரும்.
எவ்வளவு என்றார் ஐயா. சொன்னேன்.
போனைப் பார்த்தபடி, வீண் செலவு என்றார்.
அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.
வேண்டாம் என்றார்.
எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

கடைசி நாள் உரஞ்சினோம்,
அந்தப் பக்கம் ரிஃப்கான், இந்தப் பக்கம் நான்.
அவன் இருமியது என் காதுக்குள் கேட்டது.
புருவம் வரை வெள்ளையாய் இருவரும் இறங்கி
காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றோம்,
மடியில் மூடிபோட்ட வாளி,
அடியில் ஒரு கை அளவு மிச்சம்.

பம்பலப்பிட்டி தாண்டும்போது ஞாபகம் வந்தது,
ஒரு ஸ்க்ரூக் குழியை நிரப்பாமல் வந்துவிட்டேன்.
இடுப்பளவு உயரம், விரல் நுனி அகலம்.
எந்தப் பக்கம் என்றுதான்
ஞாபகம் வரவில்லை.