நூற்று நாற்பத்திரண்டு எட்டு

கைத்துப்பாக்கி வரலாம்,
வண்டி நிறுத்துமிடம் வரை.
பூட்டிய காருக்குள், கண்ணில் படாமல்.
கதவைத் தாண்டக் கூடாது.

இதைத் தட்டச்சு செய்தவள் நான்.
மாநிலச் சட்டம் பாதி,
முதலாளியின் பயம் பாதி,
காற்புள்ளிகள் மட்டும் என்னுடையவை.

கான்சாஸில், கோதுமைக் கிடங்குகளுக்குப் பின்னால்
சன்னல்கள் செய்கிறோம்.
இரட்டைக் கண்ணாடி, நடுவே ஆர்கான் வாயு,
குளிர் நுழையாது என்று பத்து வருட உத்தரவாதம்.

துப்பாக்கிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரை
வாசல் கண்ணாடியில் ஒட்டியதும் நான்தான்.
ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது,
சரியாகக் குழலின் முனையில்.
கிரெடிட் கார்டை வைத்துத் தேய்த்தேன்.
விசை வரைக்கும் நகர்ந்தது,
போகவில்லை.

சாப்பாட்டு அறையில் ஆரின் ஸ்டக்கி எழுந்தார்.
"என் டிரக்குக்குள் நீங்க விதி போட முடியாது, இல்லையா?"
முடியாது.
"இந்தக் கூரைக்குக் கீழே?"
முடியும்.
"நடுவில் கிடக்கிற தார்?"
தார் யாருடையது என்று வக்கீலைக் கேட்டோம்.
மணிக்கு முந்நூறு டாலர் வாங்கிக்கொண்டு
சூழ்நிலையைப் பொறுத்தது என்று எழுதினார்.

வெர்லா யோடர் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.
பிறகு என் மேசையில் ஒரு கோர்ட் தாளைப் பிரித்து வைத்தாள்.
முன்னாள் கணவன் நூறு கஜத்துக்குள் வரக் கூடாதாம்.
"அவன் தாள் வாசிக்கிறவன் இல்லை" என்றாள்.
"கதவிலிருந்து என் காருக்கு
நூற்று நாற்பத்திரண்டு எட்டு.
ராத்திரி பதினொன்றரை மணி.
மூன்றாவது கம்பத்தில் வெளிச்சம் கிடையாது.
காரில் இருக்கிறது காருக்குத்தான் துணை."

அவள் கேட்டது விலக்கு.
நான் வாங்கித் தந்தது
விளக்கு.

அக்டோபரில் டெல் ப்ரூவிட்டை வேலையை விட்டு நீக்கினோம்.
மூன்று தடவை தாமதம். எல்லாம் பதிவில் இருந்தது.
கையெழுத்துப் போட்டார், அட்டையைக் கழற்றி வைத்தார்,
எனக்கு நன்றி கூடச் சொன்னார்.
நடந்து போய் டிரக்கில் ஏறினார்.
எஞ்சின் சத்தம் வரவில்லை.

அவர் இருக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது
எல்லோருக்கும் தெரியும்,
புதிதாக வாங்கியபோது போட்டோ காட்டியிருந்தார்.

ஐந்து நிமிடம். பன்னிரண்டு. இருபது.
நாங்களே செய்த சன்னல்களுக்கு
இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றோம்.
மேனேஜர் தன் அறைக்குள் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார், ஏன் என்று தெரியவில்லை.
ஆரின் தன் டிரக்கைப் பார்த்தார்,
தூரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.

டிரக் கதவு திறந்தது.
டெல் திரும்பி வந்தார்.
வலது கை கோட்டுப் பைக்குள்.

கதவைப் பூட்டிவிட்டு அங்கேயே நின்றேன்,
அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால்.
கையளவு பிளாஸ்டிக்.
மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது.

கையை வெளியே எடுத்தார்.
லாக்கர் சாவி.
"இருபது டாலர் பிடிப்பீங்களே" என்றார்.
முகம் வீங்கியிருந்தது.
குனிந்து, கதவுக்கு அடியிலிருந்த இடுக்கில் தள்ளினார்.
சாவி தரையில் வழுக்கி என் காலருகே வந்தது.

நான் கதவைத் திறக்கவில்லை.
அவர் டிரக் சாலைக்குப் போய்
வலது பக்கம் திரும்பி மறைந்த பிறகும்.

மறுநாள் ஆரின் அரை மணி முன்னதாக வந்து
வாசலை ஒட்டி நிறுத்தினார்.
அடுத்த நாள் இன்னும் நாலு பேர்.
இப்போது விடிவதற்குள்ளேயே முதல் இரண்டு வரிசையும் நிறைந்துவிடுகிறது,
எல்லா மூக்கும் கட்டிடத்தைப் பார்த்தபடி.
எந்த உட்பிரிவையும் யாரும் மீறவில்லை.

வெர்லாவுக்குப் பிற்பகல் ஷிப்ட்.
மூன்று மணிக்கு வரும்போது
மிச்சம் இருப்பது வேலியோர இடம்தான்,
புது விளக்கின் வெளிச்சம் எட்டாத இடம்.

நேற்று நடந்து எண்ணிப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினெட்டு.
என் எட்டு அவளுடையதைவிடக் கொஞ்சம் நீளம்.