கத்திரிக்காய்க்குக் கீழே

பதினாறு மோன் காசு கொடுத்து
ஹமாசே கொதோஜியை வாங்கினேன்,
மூங்கில் கைப்பிடியோடு.
ஒன்றரைக் கண் போட்டு முழித்தான்.
ஒரு கருவிழி அவன் மூக்கைப் பார்த்தது,
மற்றது என்னை.
வாயோரம் கீழே இழுபட்டு
யாரையோ வெட்டப் போகிற முகம்.
அந்த முகத்தால்தான் தினமும்
அடுப்பை விசிறினேன்.

ஃபுக்காகவா வாய்க்காலோரம்
விலாங்கு சுடுவது என் வேலை.
முதுகு கீறி, குச்சி ஏற்றி,
சோயாச் சாற்றில் முக்கி, திருப்பி, மறுபடி முக்கி.
கொழுப்பு கரியில் சொட்டினால் புகை
நேரே அவன் கன்னத்துக்குத்தான் போகும்.
கோடை முடியுமுன் பழுப்பேறிவிட்டான்.
புருவத்து நீலம் மட்டும் போகவில்லை.
டச்சுக் கப்பலில் வந்த நீலமாம்,
விற்றவன் சொன்னான்.
பொய்யாக இருக்கும்.

நாடகம் பார்த்ததில்லை நான்.
ஒருநாள் ஆட்டத்துக்கு அரைமாதக் கூலி.
ஆனால் நடிகர்கள் எங்களிடம் வந்தார்கள்:
பக்கத்து வீட்டு ஒஹிசாவின் சீப்புப் பெட்டி மூடியில்,
குளியலறைத் துண்டில்,
தட்டிக் கதவின் கிழிசலை மறைத்த தாளில்.
பிள்ளைகள் அவர்கள் தலைமேல்
தாயம் உருட்டிச் சண்டை போட்டார்கள்.
ஒஹிசாவின் கணவன்
ஒரு இளவரசி வேடக்காரியின்,
இல்லை, வேடக்காரனின் முகத்தில்
ஊறுகாய் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான்.

பிறகு ஆணை வந்தது.
நடிகர் படம் அச்சிடக் கூடாது, விற்கக் கூடாது.
வாங்கி வைத்திருப்பவர்களைப் பற்றி
ஆணை ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் முதலாளி கிஹெய்க்கு அது போதவில்லை.
ஆணை சொல்லாததற்கும் சேர்த்துப் பயப்படுகிற ஆள்.
எங்கிருந்தோ ஒரு கத்திரிக்காய்ப் படம் கொண்டுவந்து
கொதோஜி மேல் ஒட்டினார்.
நல்ல கத்திரிக்காய்தான், காம்போடு.
"இனி காய்கறிக்கு யார் வழக்குப் போடுவான்?"
முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்
என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆணைக்கு மறுபாதியும் உண்டு.
நடிகர்கள் தெருவில் இறங்கினால்
முகம் மூடுகிற பிரம்புத் தொப்பி போட வேண்டும்.

ஒன்பதாம் மாதம், மழை.
அப்படி ஒரு தொப்பி வந்து கடையோரம் உட்கார்ந்தது.
விளிம்பை இரண்டு விரலால் தூக்கி
ஒரு வாய், இறக்கி, மென்று,
மறுபடி தூக்கி ஒரு வாய்.
கழுத்தோரம் கழுவியும் போகாத வெள்ளைப் பூச்சு
ஒரு கோடு.
நான் பார்க்காதது போல் விசிறினேன்.

ஈரக் கரி. பலமாக விசிறினேன்.
சட்டென்று சுவாலை பிடித்தது.
வெளிச்சம் தாளுக்குள் ஏற,
கத்திரிக்காய் மெல்லிசாகி
உள்ளேயிருந்து அவன் எழுந்து வந்தான்,
புருவம், வாயோரம், கண் இரண்டும்,
காம்பு நட்ட நடு நெற்றியில்.

தொப்பிக்குள் மெல்லுவது நின்றது.

"மூக்கு அவ்வளவு நீளமில்லை"
என்றது உள்ளிருந்து ஒரு குரல்,
கரகரத்து, சளி பிடித்தது போல.
மேடையில் நாலாயிரம் காதுக்கு எட்டுகிற குரலா இது?
கிஹெய் இருமினார். என் காலை மிதித்தார்.

"கத்திரிக்காய்க்கு ஏதய்யா மூக்கு?" என்றேன்.

தொப்பி ஆடியது.
சிரிப்பா, எலும்பு சிக்கியதா, தெரியாது.
காசைக் கணக்காக வைத்தார்,
ஒரு மோன் கூடுதலில்லை.
மழைக்குள் இறங்கும்போது மட்டும் திரும்பி,
"நெருப்புக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடி, அம்மா."

அதற்குள் மூன்று குச்சி கருகிவிட்டது.
கூலியில் பிடிப்பேன் என்றார் கிஹெய்.
பிடிக்கவும் செய்தார்.

கடை மூடியபின் பார்த்தேன்.
ஈரத்தில் பசை விட்டு
கத்திரிக்காய் ஒரு பக்கம் சுருண்டிருந்தது.
சோற்றுப் பருக்கை ஒன்றை நசுக்கி ஒட்டினேன்,
மூக்கைப் பார்க்கிற கண் வரைக்கும்.
அதோடு பருக்கை தீர்ந்தது.
பானையில் சோறு இருந்தது.
நான் எடுக்கவில்லை.