நாலா, எட்டா, பதினாறா

ரிச்சித் தெருவில் வெற்று டிவிடி
ஐம்பது கோத்த டப்பா இருநூற்று எழுபதுக்கும் உண்டு,
அறுநூறுக்கும் உண்டு.
இரண்டின் மேலும் பதினாறு எக்ஸ் என்றுதான் போட்டிருக்கும்.
எழுத்தைப் பார்க்காதே, விளிம்பைப் பார்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்
மலிவானதில் ஊதா திட்டுத்திட்டாக நிற்கும்.
ஓரத்தில் பசை எட்டாத இடம்
நகம் வைத்தால் தட்டுப்படும்.
இதெல்லாம் தெரிந்தும் இருநூற்று எழுபதைத்தான் வாங்கி வந்தேன்.
ஊத்துக்கோட்டையில் யார் கேட்கிறார்கள்
கல்யாணம் எந்த வட்டில் இருக்கிறது என்று.

வேகம் வேறு கணக்கு.
நாலில் எழுதினால் பதினைந்து நிமிஷம்,
எட்டில் ஒன்பது,
பதினாறில் ஆறு. மேசையே அதிரும்.
ரொம்ப மெதுவும் ஆகாது.
இந்தக் காலத்து வட்டை இரண்டில் போட்டால்
அடிபிடித்த பால்தான்.
எட்டு, பதம்.
என் யூபிஎஸ் தாங்குவதோ ஏழு நிமிஷம்.

இங்கே கரண்ட் போகும்போது
செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் விளக்கெரியும்.
அங்கே போகும்போது இங்கே.
சுருட்டப்பள்ளி தசரத நாயுடு வீட்டுக் கல்யாணம்,
பதினொரு காப்பி, விடிந்தால் வேண்டும்.
இரவெல்லாம் கரண்ட் வந்து வந்து போனது.
பதினொன்றையும் பதினாறில் எழுதினேன்.

மூன்றாம் வாரம் ரவணம்மா வந்தாள்.
கடைக்குள் வரவில்லை, ஷட்டர் கோட்டுக்கு வெளியே நின்றாள்.
"நேனு வச்சே சோட்ட ஆகிப்போதுந்தி" என்றாள்.
நான் வர்ற இடத்துல நின்னுடுது.
எந்த இடம் என்றேன்.
பந்தி முடிஞ்சு இலை எடுக்கிற இடம்.
லைட்டு பிடிச்சவன் என் மூஞ்சியில அடிச்சான்,
கண்ணு கூசிச்சு, எனக்குத் தெரியாதா?
நாயுடு வீட்டு ஜன்னல்ல நின்னு நாலு வாட்டி பார்த்தேன்.
நாலு வாட்டியும் பாயசத்தோட நின்னுடுச்சு.

வட்டு உள்ளிருந்து வெளியே எழுதும்.
நடு ஓட்டையை ஒட்டிப் பிள்ளையார்,
பிறகு மாலை, தாலி, மொய், பந்தி.
வட்டம் பெரிதாகப் பெரிதாக வேகம் ஏறும்,
விளிம்பில்தான் முழுப் பதினாறு.
பசை எட்டாததும் அங்கேதான்.
கடைசியில் வருகிறவர்கள் எல்லாரையும்
நான்தான் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

ஹார்ட் டிஸ்கில் தேடினேன்.
ஒன்பது விநாடி.
குனிந்து நிமிர்கிறாள், கூசுகிறாள்,
பின்னால் ஒரு நாய் காத்திருக்கிறது.
அவ்வளவுதான்.

சார்பதிவாளர் ஆபீசுக்கென்று ஒளித்துவைத்த
நல்ல வட்டு பன்னிரண்டு இருந்தது.
இரவு பதினொன்றுக்குக் கரண்ட் வந்தது.
எட்டில் போட்டேன்.
போடுமுன் பந்தியைத் தூக்கி முன்னால் வைத்தேன்.
ஓட்டையை ஒட்டி முதல் வளையத்தில் எச்சில் இலை,
இரண்டாவதாகப் பிள்ளையார்,
விளிம்பில் மொய் எழுதுகிறவர்கள்.

பதினொன்று நாயுடு வீட்டுக்கு, இலவசம்.
பன்னிரண்டாவது ரவணம்மாவுக்கு.
ப்ளேயர் இருக்கா என்றேன். இல்லை.
முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்,
பளபளக்கிற பக்கம் மேலாக.
கீறல் விழும் என்று சொல்ல வாயெடுத்து
ஒரு கவரைத் தேடிக் கொடுத்தேன்.

மறுநாள் நாயுடு மகன் போன் செய்தான்:
என்னம்மா, படம் எச்சில் இலையிலயா ஆரம்பிக்கும்?
உள்வட்டம்தான் கெடாதுங்க, அதனால என்றேன்.
எதனால என்றான்.
அந்த நேரம் பார்த்து
அவன் பக்கம் கரண்ட் போனது,
"அய்யோ" என்று யாரோ கத்துவது கேட்டது.
யூபிஎஸ் வாங்கலாமா என்று
என்னையே கேட்டான்.