முன்னால் விரிந்த குடை

செவ்வாய், வியாழன், சனி.
கோரிமேட்டில், மூன்றாம் மாடியில்
என் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய்
இன்னொரு குழாயில் வீடு திரும்பும்.
பக்கத்துப் படுக்கை கலிவரதன்.
முதல் வாரம் பேசிக்கொள்ளவில்லை.
ஒருநாள் அவர் போர்வை விலகியது.
சாயம் போன நீலச் சட்டை, நெஞ்சில் சுறா,
வைத்திக்குப்பம் உரிந்துபோய்
'ஸ்போர்ட்' மட்டும் மிச்சம்.

"எந்தப் பக்கம் உட்காருவீங்க?"
"கடல் பக்க கேலரி.
சாயங்கால வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும்.
அதான் நாலணா கம்மி."

அதன்பிறகு மெஷின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஒகேகே வந்த வருஷத்தில் ஆரம்பித்தோம்.
லாகோஸிலிருந்து வந்தவன்
முதல் மாதச் சம்பளத்தில் சைக்கிள் வாங்கி
முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க
பிராக்டிஸுக்குப் போவான்.
குபேர் மார்க்கெட்டில் மீன்காரப் பெண்கள்
அவன் சொன்ன விலைக்கே கொடுப்பார்கள்.
ஞாயிற்றுக்கிழமை தோற்றிருந்தால்
திங்கட்கிழமை பேரம் உண்டு.

கோலி புருஷோத்து
பெனால்டி என்றால் கண்ணை மூடிக்கொள்வான்.
எதிரணிகள் அதைக் கண்டுபிடிக்க
ஆறு வருஷம் ஆனது.

கம்பெனி மூன்று மாதம் சம்பளம் போடாதபோது
துண்டு விரித்து கேலரியைச் சுற்றி வந்தார்கள்.
நான் இரண்டு ரூபாய் போட்டேன்.
கலிவரதன் அஞ்சு போட்டாராம்.
இருக்கலாம்.

எண்பத்தாறுக்கு வர எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.
இறுதி ஆட்டம். மாஹேக்காரர்களோடு.
சரியான மழை.
எண்பத்தெட்டாவது நிமிடம், ஃப்ரீ கிக்.

"ஒகேகே எகிறித் தலையால முட்டினான்" என்றார் அவர்.
"தலையா? பெர்னார் முழங்கால்ல பட்டு
தானா உள்ள போச்சு" என்றேன் நான்.
"தலை."
"முழங்கால்."
அவர் ஊசி குத்திய கையைத் தூக்கிக் காட்ட
மெஷின் கத்த ஆரம்பித்தது.
சிஸ்டர் ஜெசிந்தா ஓடி வந்தாள்.
"யார் ஜெயிச்சது?"
"நாங்கதான். ஒன்னுக்கு ஜீரோ."
"அப்புறம் எதுக்குச் சண்டை? கையை ஆட்டாதீங்க தாத்தா."

அந்த வியாழன் இரவு எனக்குத் தூக்கமில்லை.

சனிக்கிழமை சொல்லிவிட்டேன்.
அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை.
நெல்லிக்குப்பத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள்.
கேசரித் தட்டோடு உட்கார்ந்து
மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
திரும்பும் பஸ்ஸில், தவளகுப்பம் தாண்டி
நனைந்த லுங்கியோடு ஏறிய ஒருவன்
கண்டக்டரிடம் முழங்காலைத் தட்டிக் காட்டினான்.
அவன் பார்த்த கோலைத்தான்
முப்பத்தெட்டு வருஷமாக
நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கலிவரதன் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.
திட்டுவார் என்று நினைத்தேன்.
"அப்போ நீங்க சொல்றதே சரியா இருக்கும்" என்றார்.
"எப்படி?"
"நான் உள்ளதான் இருந்தேன்.
முன்னாடி உக்காந்திருந்தவன் குடைய விரிச்சுட்டான்.
எல்லாரும் எழுந்து கத்தினாங்க.
நானும் கத்தினேன்."
கொஞ்சம் பொறுத்து,
"கத்தினது நெஜம்" என்றார்.

நாலு மணி நேரம் முடிந்தது.
ஊசியை எடுத்தால்
பஞ்சு வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
இருவரும் கட்டில் ஓரத்தில் கால் தொங்க,
அவரவர் முழங்கையை அவரவர் பிடித்தபடி.

"ம்... ஃப்ரீ கிக்" என்றார் கலிவரதன்.
நான் நெல்லிக்குப்பத்தில் கேசரியை அப்படியே வைத்துவிட்டு
எழுந்து வந்தேன்.
மழை. கடல் பக்க கேலரி.
அவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.
பிறகு முன்னால் இருந்தவன் தோளைத் தட்டி
குடையை மடக்கச் சொன்னார்.

மடக்கினான்.