மை ஏறாத இடம்

குழாயில் வயது பிழை.
உதுமாலெப்பை, ஐம்பத்தேழு என்றிருந்ததை
யாரோ வெட்டி ஐம்பத்திரண்டு ஆக்கியிருந்தார்கள்.
முள்ளந்தண்டு நீர், மூன்று மில்லி.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: தெளிவு.
இப்படித் தெளிவாய் வருகிறவற்றில்தான் எனக்குப் பயம்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, இரவு பதினொன்று பத்து.
சுழற்றி எடுத்த அடியில் ஒரு துளி,
பக்கத்தில் ஒரு துளி இந்திய மை,
மேலே மெல்லிய கண்ணாடி.
கறுப்பு எங்கும் போகும் என்றுதான் நினைப்போம்.
போகாத இடங்கள் இருந்தன.
வட்டம், வட்டம்,
ஒன்றின் இடுப்பில் மொட்டுவிட்ட சின்ன வட்டம்,
ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி
மை நுழையாத வெள்ளை வேலி போட்டபடி.
எண்ணினேன். இருபதில் நிறுத்தினேன்.

கோரிக்கைத் தாளில் ஹவுஸ் ஒபிசரின் கிறுக்கல்:
சம்மாந்துறை, அரிசி ஆலை, கூரையில் புறா.
எச்சம் காய்ந்து உமித்தூசோடு பறந்து
நெல் கிளறுகிற பெண்கள், லொறிக்காரர்,
கணக்கெழுதும் மகன்,
எல்லார் மூச்சிலும் ஏறி இறங்கியிருக்கும்.
ஒருவருக்கும் ஒன்றுமில்லை.
இவருக்கு, கழுத்துக் கட்டிக்கு ஏற்றிய ஆறாவது மருந்து
புல்லுக்கு அடித்த எண்ணெய்
வேளாண்மையையும் கருக்கினமாதிரி.

கதவடியில் மனைவி.
"மூணு கிழமையா தலையிடி எண்டாரு,
வெயிலாக்கும் எண்டு நெனச்சம்.
மறுகா, நீ ரெண்டு பேரா தெரியிறாய் எண்டு சிரிச்சாரு.
புத்து தலைக்கு ஏறிட்டா, புள்ள?"

முடிவு சொல்வது என் வேலையில்லை.
டொக்டரின் போன் மூன்று தரம் அடித்து ஓய்ந்தது.
அவள் நகரவில்லை.
"இது புற்று இல்லை. பங்கசு. பூஞ்சணம்."
"பாணில புடிக்கிறதா?"
"அந்தச் சாதிதான்."
"அல்ஹம்துலில்லாஹ்" என்று
முந்தானையால் முகம் துடைத்து
வாங்கில் இருந்துவிட்டாள்.

பாண் என்றால் அந்தத் துண்டை எறிந்துவிடலாம்.
வெளிச்சம் படாமல் மூடி ஏற்றும் மஞ்சள் மருந்தை,
அது ஏறும்போது கட்டில் ஆடுகிற நடுக்கத்தை,
சிறுநீரகத்தை,
அழுத்தம் இறக்க மீண்டும் மீண்டும்
முதுகில் இறங்கப்போகும் ஊசியை
நான் சொல்லவில்லை.

நாலாம் தரம் டொக்டர் எடுத்தார்.
"எவ்வளவு?"
"நிறைய."

சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
பெருவிரல் நகத்தடியில் மை போகவில்லை.
வெளியே அவள் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தாள்,
பதினைந்து நாளாய்க் கேட்காத உரத்த குரலில்:
"புத்து இல்லயாம் மகன்.
வெறும் பூஞ்சணமாம்."