மழை இல்லை

வயல் என்றுதான் பெயர்.
நாற்று நட்டவர் இல்லை, அறுக்க வந்தவரும் இல்லை.
முத்துக்குழி வயலில் முத்தும் கிடையாது.
குழி உண்டு:
முழங்கால்வரை இழுத்துக்கொண்டு
செருப்பைத் திருப்பித் தராத குழி.

மேல்கோதையாறு முகாமில்
மழைமானி பார்ப்பது என் வேலை.
காலை எட்டரைக்குக் கண்ணாடிக் குழாயைக்
கண்மட்டத்துக்குத் தூக்கி, கோடு படித்து,
நோட்டில் எழுதி, ஃபோனில் கீழே சொல்வேன்.
பேச்சிப்பாறையில் ஜெபசிங் எடுப்பான்.
சுகம் கேட்கமாட்டான்.
"எண்ணைச் சொல்லும் ஓய்" என்பான்.

மஞ்சு இறங்கும் மாதங்களில்
புல் சொட்டும், கம்பிவேலி சொட்டும்,
என் மீசை சொட்டும்.
குழாயில் மட்டும் ஒன்றும் இருக்காது.
மழை இல்லை என்று எழுதுவேன்.
எழுதும்போதே தாள் நனைந்து
'இல்லை' கலங்கிப்போகும்.

அந்த ஈரத்தைக் குடித்துத்தான் சதுப்பு கிடக்கிறது.
செத்த புல் மக்க மறந்து
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து,
இடையில் கட்டஞ்சாயா நிறத்தில் தண்ணீர்.
ஓரத்தில் அழுகண்ணி
சிவந்த இமைகளில் பசைத்துளி ஏந்தி
ஒரு கொசுவைக் கட்டிக்கொண்டு அழுகிறது,
மெதுவாக, மத்தியானம்வரை.
மிளா மிதித்த குளம்புக்குழியில்
விரல்நகம் அளவுத் தவளை
மலை முழுக்கக் கேட்கக் கத்துகிறது.
மேலே பாறைவிளிம்பில் வரையாடுகள் ஏழு.
மஞ்சு மூடித் திறந்தது: ஐந்து.
மறுபடி மூடித் திறந்தது: பாறை.

தை மாதம் பெல்சிட்டா வந்தாள்,
தோளில் இரும்புக்குழாய், பையில் உப்புப் பொட்டலம்.
உப்பு அட்டைக்கு. குழாய் சேற்றுக்கு.
மாத்தன் காணி வழி சொன்ன மேட்டில்
மூன்று பேரும் தொங்கி அழுத்தி
ஒன்றரை ஆள் ஆழம் இறக்கி உருவினோம்.
முதல் சாண் நார். அடுத்த சாண் வெண்ணெய்போல.
அதற்கும் கீழே கன்னங்கரேலில்
மயிரளவு ஒரு சாம்பல்கோடு.

"இது ஒரு தீ" என்றாள்.
எத்தனை வருசம் என்று கேட்டேன்.
ஆயிரம் இருக்கலாம், மூவாயிரம் இருக்கலாம்,
ஆய்வகம் சொல்லணும்.
மாத்தன் காணி கிள்ளி மணந்து பார்த்தார்.
"மழைக்கு முந்தி வச்ச தீ."
அவள் சிரித்தாள்.
பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

"ஒவ்வொரு காலத்துப் பூந்தாதும் இதில் இருக்கும் அண்ணா.
எப்போ நல்லாப் பெய்தது, எப்போ ஏமாத்திச்சு,
எல்லாம் தெரியும்."

எனக்கு வயிறு இளகியது.
ஒரு ஆனியில், ஒற்றைக்கொம்பன்
மானியில் முதுகு உரசிக்கொண்டு
மூன்று நாள் வாசலைவிட்டு நகரவில்லை.
ஜெபசிங் எண் கேட்டான்.
பன்னிரண்டு புள்ளி நான்கு என்றேன்.
மறுநாள் ஏழு புள்ளி ஆறு.
அடுத்த நாள் இருபது புள்ளி இரண்டு.
புள்ளி வைத்தால் நம்புவார்கள்.
பெய்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை,
யானையின் வயிறு இரைந்ததுதான் கேட்டது.
என் எண்கள் அணைக்கணக்கில் இறங்கி
கால்வாய்வழி நடந்து
யாருடைய கன்னிப்பூவுக்கோ பாய்ந்திருக்கும்.

குழாய் உருவிய துளையில்
தண்ணீர் ஏறியது, அவசரமில்லாமல்.
விளிம்புக்கு வந்ததும் நின்றது.
அந்த மூன்று நாளும் உள்ளே எங்கோ,
பெய்த அளவுக்கே ஈரமாய்,
நான் சொன்ன புள்ளிகள் ஏதுமின்றி.
கணுக்காலில் ஒரு அட்டை
தனக்கு வேண்டியதை அளந்து குடித்துவிட்டு
தானாக உதிர்ந்தது.

மறுநாள் எட்டரை.
குழாய் காலி. எதிரே நிற்கும் மரம் தெரியவில்லை.
மழை இல்லை என்று எழுதினேன்.
பக்க ஓரத்தில், பொடி எழுத்தில், மஞ்சு என்றும் எழுதினேன்.
ஃபோனிலும் சொன்னேன்.
ஜெபசிங் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அதுக்குக் கட்டம் இல்ல, ஓய்" என்றான்.